கேற்றைப் பாத்த கமரா

கமராவைப் பூட்டினது நான்தான். அதை முதல்லையே சொல்லிப்போடுறன். ஆரோ ஒரு பொடியன் வந்து பிழையாப் பூட்டிப்போட்டான் எண்டு சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

எங்கடை வீடு நீர்வேலியிலை. வீட்டிலை நானும் அப்பாவும்தான். அம்மா போய் ஆறு வருசம். நான் திருநெல்வேலியிலை, யூனிவேசிற்றிக் கம்பஸுக்கு முன்னாலை ஒரு போட்டோக்கொப்பிக் கடையிலை வேலை. பேர் உதயகலா. வயது நாப்பது. கலியாணம் கட்டேல்லை. ஏன் கட்டேல்லை எண்டு ஆரும் கேட்டா எனக்குக் கோவம் வரும், அதாலை கேக்காதேங்கோ.

அப்பாவின்ரை பேர் நடராசா. எழுபத்திரண்டு வயதிலையும் தானே வாழைக்குலை வெட்டித் தோளிலை வைச்சுக்கொண்டு வாற மனிசன். போன ஆவணியிலை ஒரு நாள் தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போனவர் வாய்க்கால் கரையிலையே குந்தியிட்டார். நெஞ்சுக்கை ஆரோ அலவாங்கு போட்டுக் கிண்டுற மாதிரிக் கிடக்கு எண்டார். கொண்டுபோய்ச் சோதிச்சா மூண்டு குழாயும் அடைப்பு. டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டு, ஒப்பரேசன் செய்யாட்டி ஆறு மாதம், மிஞ்சினா எட்டு எண்டு சொன்னார்.

கொழும்பிலை செய்ய ஒரு திகதி குடுத்தினம். அப்பா போகேல்லை. ரண்டாந்தரமும் குடுத்தினம். காய்ச்சல் எண்டு பொய் சொல்லிப் போர்த்துக்கொண்டு படுத்திட்டார். மூண்டாவது திகதி மார்ச் பன்னிரண்டு. இதையும் விட்டா இனிப் பேரை எடுத்துப்போடுவம் எண்டு சொல்லித்தான் குடுத்தினம்.

மனிசன் வெட்டுக்குப் பயந்து ஒளிக்கேல்லை. தம்பிக்காகத்தான் வீட்டை விட்டு அசையேல்லை.

தம்பி சிவதர்ஷன். என்னைவிட ரண்டு வயது இளமை. ரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு தை மாதம், சைக்கிளுக்குச் செயின் வாங்க எண்டு காலமை யாழ்ப்பாணம் வெளிக்கிட்டவன். கோண்டாவிலடியிலை கண்ட ஆக்கள் இருக்கினம். அங்காலை கண்ட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நாங்கள் ஏறி இறங்காத ஆமிக் காம்ப் இல்லை, எழுதாத கடிதம் இல்லை. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டு எங்களை வீட்டை அனுப்பிவிட்டினம்.

அண்டையிலிருந்து அப்பா ஒரு இரவு கூட வெளியிலை தங்கினதில்லை. கேற்றுக்குப் பூட்டுப் போட்டதில்லை. அம்மா ஆசுப்பத்திரியிலை கிடந்த பதினொரு நாளும், பின்னேரம் நாலு மணியானால் மனிசன் எழும்பி பஸ் எடுத்து வீட்டை வந்திடும். அம்மா போனது ஒரு பின்னேரம் ஆறரைக்கு. பக்கத்திலை நான் மட்டும்தான் நிண்டன். அதுக்கு நான் அவரை மன்னிக்கேல்லை, இப்பவும் இல்லை.

"அவன் வந்து கேற்றடியிலை நிண்டு பாத்திட்டு, ஒருத்தரும் இல்லையெண்டு திரும்பிப் போனா என்ன செய்யிறது பிள்ளை?" எண்டு கேப்பார்.

பக்கத்து வீட்டிலை சொல்லிவிடுவம் எண்டா, அக்கம்பக்கம் எல்லாம் இப்ப புதுச் சனம். அவையளுக்கு அவனைத் தெரியாது. உயிரோடை ஒரு பிள்ளை உங்களுக்கு முன்னாலை நிக்குது, அதுக்காக நீங்கள் இருக்கக் கூடாதோ எண்டு என்ரை வாய்க்குள்ளை வரும். கேக்கிறதில்லை. கேட்டு, மறுமொழி வராமல் விட்டா நான் எங்கை போறது?

மாசியிலை ஒரு நாள், எங்கடை கடைக்கு மேலை கொம்பியூட்டர் திருத்துற செந்தூரன் போனிலை ஒரு படத்தைக் காட்டிச் சிரிச்சுக்கொண்டு நிண்டான். அவன்ரை வீட்டு முத்தத்திலை நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுது. எப்ப எடுத்தது எண்டன். இப்ப நடக்குதக்கா எண்டான். அவன் நிக்கிறது திருநெல்வேலியிலை, நாய் ஓடுறது உரும்பிராயிலை.

அண்டைக்குப் பின்னேரமே அப்பாவிட்டைச் சொன்னன். "கேற்றுக்கு நேரை ஒரு கமரா பூட்டுவம். நீங்கள் கொழும்பிலை கட்டிலிலை கிடந்துகொண்டே பாக்கலாம். ஆர் வந்தாலும் தெரியும். அதிலை கதைக்கவும் ஏலும், இஞ்சை கேக்கும்."

அவர் எழும்பிப் போய்க் கேற்றைப் பாத்தார். பேந்து, "முகம் வடிவாத் தெரியுமோ?" எண்டு மட்டும் கேட்டார்.

"தெரியும்."

"அப்ப பூட்டு. சரியா வேலை செய்தா வாறன்."

எனக்கு அந்த ஒரு சொல்லே காணும். செந்தூரன் ஏதோ கடையிலை கழட்டின பழைய கமரா ஒண்டு தந்தான். வந்து பூட்டித் தா எண்டா, கம்பஸ் பிள்ளையளுக்குச் சோதினை வருது, கடையிலை வேலை கூட, நேரமில்லை, போனிலை சொல்லுறன் செய்யுங்கோ எண்டான். சரி எண்டு ஏணி வைச்சு வீட்டு முகட்டுக்குக் கீழை, கேற்றையும் றோட்டையும் பாக்கக் கூடியதா ஆணி அடிச்சுப் பூட்டினன். வயர் இழுத்து றவுட்டரிலை செருகினன். போனிலை தேடினா அப்பிடி ஒரு கமராவே இல்லை எண்டுது.

"அக்கா, கமராவுக்குள்ளை ஏற்கெனவே ஒரு விலாசம் எழுதிக் கிடக்கும். 192.168.1.108. உங்கடை றவுட்டர் எட்டாம் குறிச்சி, 192.168.8. கமரா ஒண்டாம் குறிச்சியிலை நிண்டு கூப்பிட்டா எட்டாம் குறிச்சிக்குக் கேக்காது" எண்டான் செந்தூரன்.

"அப்ப என்ன செய்யிறது?"

"லப்டொப்பின்ரை விலாசத்தைக் கொஞ்ச நேரத்துக்கு ஒண்டாம் குறிச்சிக்கு மாத்துங்கோ. பிறகு கமராவுக்குள்ளை போய், அதுக்கு எட்டாம் குறிச்சியிலை ஒரு விலாசம் குடுங்கோ."

கடை லப்டொப்பைக் கொண்டுவந்து, அவன் சொல்லச் சொல்லத் தட்டினன். ஒரு இலக்கம் பிழைச்சா முழுக்கத் திரும்பவும் துவங்கவேணும். பாஸ்வேட் என்ன எண்டா அந்தக் கடைக்காரன் போட்டது, அவனுக்கே ஞாபகமில்லை. பின்பக்கத்திலை ஊசியாலை குத்தி அதைப் பழையபடி வெறும் கமராவாக்கி, உள்ளை போய், விலாசத்தை 192.168.8.50 எண்டு மாத்தினன். றவுட்டர் குடுக்கிற விலாசத்தைத் தானா எடுக்கட்டோ எண்டு ஒரு கேள்வி கேட்டுது. வேண்டாம் எண்டு குடுத்தன். தானா எடுக்க விட்டா ஒவ்வொரு தரமும் கறண்ட் போய் வரேக்கை வேறை விலாசம் எடுத்துப்போடும், பிறகு தேடித் திரியவேணும் எண்டு செந்தூரன் சொல்லியிருந்தான்.

படம் வந்துது. கேற், றோட்டு, எதிர் வளவு வேலி, எங்கடை வாழை ரண்டு. போனைக் கொண்டுபோய் அப்பாவுக்குக் காட்டினன். கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தார். "உது எங்கடை கேற்" எண்டார்.

அடுத்த நாள் கடையிலை நிண்டு போனைத் திறந்தா படம் இல்லை. வீட்டை வந்தா இருக்குது. கேற்றைத் தாண்டினா இல்லை. விசர் வராதோ? ரண்டு நாளா நான் கேற்றுக்கு உள்ளையும் வெளியிலையும் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தன். எதிர் வளவு மனிசி என்னை ஒரு மாதிரிப் பாத்தா. கடைசியாச் செந்தூரன்தான் பிடிச்சான். கமரா வெளியிலை கதைக்கிறதுக்கு றவுட்டரின்ரை விலாசத்தை அதுக்குச் சொல்லவேணும். நான் கமராவின்ரை விலாசத்தை மாத்தினன், றவுட்டருக்கெண்டு அதுக்குள்ளை கிடந்த ஒண்டாம் குறிச்சி இலக்கத்தை மாத்தேல்லை. அது இல்லாத ஒரு றவுட்டரிட்டைப் படத்தைக் குடுத்துக்கொண்டு இருந்திருக்குது. அதை மாத்தினன். கடையிலை நிண்டு திறந்தன். கேற் தெரிஞ்சுது. போட்டோக்கொப்பி எடுக்க வந்த பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்க எனக்குக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது.

பிறகு கதைக்கிறதைச் சோதிச்சுப் பாக்கவேணும். என்ரை போனை அப்பாவிட்டைக் குடுத்துக் கிணத்தடிக்கு அனுப்பிப்போட்டு, நான் கேற்றடியிலை நிண்டன். "எதையாவது கதையுங்கோ அப்பா, கேக்குதோ பாப்பம்" எண்டன்.

பிறகு முகட்டிலையிருந்து அவற்றை குரல் வந்துது. "நில்லு ராசா. போகாதை. அப்பா ஆசுப்பத்திரியிலை. திரும்பி வந்திடுவன், நீ உள்ளை போய் இரு. கிணத்தடியிலை வாளி கிடக்கு, முகத்தைக் கழுவு."

என்னை ராசா எண்டு கூப்பிடேல்லை எண்டது எனக்குத் தெரியும். நான் கேற்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். எனக்கு எரிச்சலும் வந்துது, அழுகையும் வந்துது. கேக்குது அப்பா எண்டு சத்தம் போட்டுச் சொன்னன்.

திங்கக்கிழமை, ஒன்பதாந் திகதி காலமை, வான் வந்துது. தண்ணி குடிச்சிட்டு வாறன் எண்டு அப்பா திரும்பி உள்ளை போயிட்டு வந்தார். வீட்டுக் கதவைப் பூட்டி ரண்டு திறப்பையும் அப்பா மடிக்குள்ளை வைச்சார். கேற்றைச் சாத்தினார். எங்கடை கேற் ஒரு பக்கம் நிலத்திலை இறங்கிப்போன கேற். முழங்காலாலை முண்டு குடுத்துக் கொஞ்சம் தூக்கினால்தான் திறக்கும், சாத்துப்படும். வெளியார் வந்தா இழுத்து இழுத்துப் பாத்திட்டுக் கூப்பிடுவினம். திருத்துவம் எண்டு நானும் எத்தினையோ தரம் கேட்டுப் பாத்தன். அப்பா விடேல்லை.

வான் ஆனையிறவைத் தாண்டேக்கை அவர் நல்ல சந்தோசமா இருந்தார். எத்தினை வருசத்துக்குப் பிறகு உப்பளத்தைக் காணுறன் எண்டார். பிறகு என்னைப் பாத்து, "நீ யோசியாதை பிள்ளை, எல்லாம் சரி பாத்துத்தான் வந்தனான். மெயினையும் நிப்பாட்டியிட்டன்" எண்டார்.

நான் அவருக்குத் தெரியாமல் போனைத் திறந்தன். படம் இல்லை.

எங்கடை ஊரிலை வீட்டை விட்டு ஒரு நாளைக்குக் கூடுதலா வெளிக்கிட்டா முதல் வேலை மெயின் சுவிச்சை இறக்கிறது. மின்னல் அடிச்சு ரீவி எரிஞ்ச வீடு, வயர் பத்தின வீடு எண்டு ஆளுக்கு ஒரு கதை வைச்சிருப்பினம். கை தானாப் போகும். அவர் கமராவை நினைக்கேல்லை. தண்ணி குடிச்சிட்டு வாறன் எண்டு திரும்பி உள்ளை போனது அதுக்குத்தான். கமராவுக்கும் கறண்ட் வேணும், றவுட்டருக்கும் கறண்ட் வேணும். அந்த இலக்கங்களோடை நான் பட்ட பாடு முழுக்க அந்த ஒரு சுவிச்சோடை போச்சு.

திருப்பச் சொல்லியிருக்கலாம். ஒண்டரை மணித்தியாலம், வீட்டை போயிருக்கலாம். ஆனா எனக்குத் தெரியும், திரும்பி அந்தக் கேற்றுக்குள்ளை கால் வைச்சா மனிசன் பிறகு வெளிக்கிடாது. மெயின் வீட்டுக்குள்ளை, வீடு பூட்டு, திறப்பு ரண்டும் அவற்றை மடியிலை. ஒருத்தரைக் கொண்டும் போடுவிக்க ஏலாது. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன்.

மாங்குளம் கழிய, "எங்கை, ஒருக்காக் காட்டு பாப்பம்" எண்டார்.

கமராவைச் சோதிக்கேக்கை பதிஞ்ச துண்டு ஒண்டு என்ரை போனிலை கிடந்துது. போன கிழமை வியாழக்கிழமை பதிஞ்சது, ரண்டு மணித்தியாலம் ஓடும். அதைப் போட்டுக் காட்டினன். மூலையிலை திகதியும் மணியும் ஓடும். அதைப் பெருவிரலாலை மறைச்சுப் பிடிச்சன். கேற், றோட்டு, வாழை இலை ஆடுது. அவர் கண்ணாடி போடேல்லை. பாத்திட்டு, "வெறிச்சுப்போய்க் கிடக்கு" எண்டு சொல்லிப்போட்டு நித்திரையானார்.

பின்னேரம் ஆசுப்பத்திரி வாட்டிலை சேத்தினம். ஆம்பிளையளின்ரை வாட், என்னை நிக்க விடாயினம். நான் வெள்ளவத்தையிலை ஒரு அறை எடுத்துத் தங்கினன். பாக்க விடுற நேரம் மூண்டு தரமும் போவன். போன உடனை நான் சாப்பிட்டனானோ எண்டு கேக்கமாட்டார். போனைத்தான் கேப்பார். நான் கட்டிலிலை பக்கத்திலை இருந்து, பெருவிரலை மூலையிலை வைச்சு, ஆள் இல்லாத இடமாப் பாத்து ஐஞ்சு நிமிசம் ஓட விடுவன். ஒருக்கா மாடு ஒண்டு போச்சு. "உது முருகேசற்றை மாடு, அவிட்டுக்கொண்டு போகுது, போன் பண்ணிச் சொல்லு" எண்டார். நான் வெளியிலை போய் நிண்டிட்டு வந்து, சொல்லிப்போட்டன் எண்டன். பன்னிரண்டாந் திகதி காலமை அவரை ஒப்பரேசன் தியேட்டருக்குள்ளை கொண்டுபோயிட்டா காணும், பிறகு எல்லாத்தையும் சொல்லி ஏச்சு வாங்குவம் எண்டு யோசிச்சன்.

பதினொராந் திகதி புதன்கிழமை, மத்தியானம் பாக்க விடுற நேரம். போனை ஓட விட்டுக்கொண்டு இருக்கிறன், நேர்ஸ் வந்து டொக்டர் கையெழுத்துக் கேக்கிறார் எண்டு என்னைக் கூப்பிட்டா. நான் போனைப் பறிச்சா மனிசன் சந்தேகப்படும். திகதி இருக்கிற மூலையை மேலை தள்ளி, படத்தைப் பெருப்பிச்சு அவற்றை கையிலை குடுத்திட்டுப் போனன். ரண்டு நிமிசத்திலை வந்திடலாம் எண்டு நினைச்சன். டொக்டர் ஒப்பரேசனைப் பற்றி விளங்கப்படுத்தத் துவங்கினார். இருபது நிமிசம் போச்சு.

திரும்பி வரேக்கை அப்பா கட்டிலிலை எழும்பி இருக்கிறார். பக்கத்துக் கட்டில் ஐயா குருநாகல் பக்கத்துச் சிங்களவர். அவர் அப்பாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, ஒரு சொல்லும் விளங்காமல் தலையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறார். அப்பாவின்ரை கன்னமெல்லாம் ஈரம்.

"வெளிக்கிடு பிள்ளை" எண்டார். "தம்பி வந்திட்டான்."

நான் போனுக்குக் கையை நீட்டினன்.

"இப்பத்தான் வந்தவன். கண்ணாலை கண்டன். தலையிலை துவாய் போட்டிருந்தவன், முகம் தெரியேல்லை. ஆனா நடை எங்கடை ஆக்களின்ரை நடை. கேற்றை முழங்காலாலை முண்டு குடுத்துத் தூக்கித் திறந்தான் பிள்ளை. ஒரு இழுவை இழுக்கேல்லை. வெளியாருக்கு அது தெரியுமே? மெலிஞ்சுபோனான். தோள் ஒரு பக்கம் சரிஞ்சுபோச்சு, அவங்கள் என்ன செய்தாங்களோ. நான் கூப்பிட்டன், நில்லு ராசா எண்டு கூப்பிட்டன், அவனுக்குக் கேக்கேல்லை. உள்ளை போயிட்டான். வீடு பூட்டிக் கிடக்கு. வெளிக்கிடு, கெதியாப் போவம்."

கையிலை சேலைனுக்குக் குத்தியிருந்த ஊசியின்ரை பிளாஸ்ரரை உரிக்கத் துவங்கினார்.

எனக்குத் தெரியும் அது ஆர் எண்டு. அந்த வியாழக்கிழமை, வெய்யிலுக்குத் துவாயைத் தலையிலை போட்டுக்கொண்டு தோட்டத்தாலை வந்த ஆள். நாப்பது வருசமாக் குலை சுமந்து ஒரு தோள் சரிஞ்ச ஆள். தன்ரை நடையை ஒரு நாளும் கண்டிராத மனிசன்.

"அப்பா, படுங்கோ. நாளைக்கு ஒப்பரேசன் முடியட்டும்."

"விசரே உனக்கு? அவன் அங்கை நிக்கிறான், நான் இஞ்சை படுக்கிறதோ? ஒப்பரேசனை அடுத்த மாதம் செய்யட்டும்."

"அடுத்த மாதம் இல்லை அப்பா. இதுதான் கடைசி."

"அப்ப வேண்டாம். அவனைக் கண்டிட்டன் எண்டா எனக்கு இனிக் காணும்."

அதுதான் என்னைச் சுட்டது. அவனைக் கண்டாக் காணுமாம். பதினெட்டு வருசமா இவருக்குச் சமைச்சு, தோய்ச்சு, மருந்து எடுத்து, அம்மாவை ஒரு ஆளா எரிக்கக் குடுத்து, வந்த சம்பந்தம் எல்லாத்தையும் தம்பி வரட்டும் பிறகு பாப்பம் எண்டு இவர் தள்ளத் தள்ளப் பேசாமல் இருந்து, எந்தக் கணக்கிலையும் நான் இல்லை. ஊசி கழண்டு ரத்தம் வந்துது. நான் அவற்றை கையை அமத்திப் பிடிச்சன்.

"உது ஆர் எண்டு சொல்லட்டோ? உது நீங்கள்."

அவர் விளங்காமல் பாத்தார்.

போனை வாங்கி, மூலையைக் காட்டினன். "பாருங்கோ. ஐஞ்சாந் திகதி. போன வியாழன். நீங்கள் தோட்டத்தாலை வாறியள். இது இப்ப நடக்கிறதில்லை. திங்கக்கிழமை நீங்கள் மெயினை நிப்பாட்டினதிலையிருந்து கமரா வேலை செய்யேல்லை. நான் பழசைப் போட்டுக் காட்டினன். நீங்கள் திரும்பிப் போடுவியள் எண்டு பயத்திலை."

கண்ணாடியை எடுத்துப் போட்டார். திரும்ப ஓட விடச் சொன்னார். ஓட விட்டன். துவாய் போட்ட ஆள் வந்து, முழங்காலைக் குடுத்துக் கேற்றைத் தூக்கி, உள்ளை போனார். இன்னொருக்கா எண்டார். போட்டன். "நான் உப்பிடியோ நடக்கிறன்?" எண்டு மெல்லமாக் கேட்டார்.

"ஓம் அப்பா."

போனை மடியிலை வைச்சார். நான் நினைச்சன் முடிஞ்சுது எண்டு. அவர் தலையை நிமித்தி, "அப்ப மூண்டு நாளாக் கேற்றை ஒருத்தரும் பாக்கேல்லை" எண்டார். "இந்த மூண்டு நாளுக்குள்ளை வந்திருந்தா? வெளிக்கிடு பிள்ளை."

"வரமாட்டான்" எண்டன்.

"என்ன?"

"வரமாட்டான் அப்பா. அவன் செத்துப்போனான். எப்பவோ செத்துப்போனான். எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் சொல்லுறன். அவன் செத்திட்டான்."

அந்தச் சொல்லை எங்கடை வீட்டிலை அதுக்கு முதல் ஒருத்தரும் சொன்னதில்லை. அம்மா சாகேக்கையும் சொல்லேல்லை. நான் கத்தேல்லை, ஆனா வாட் முழுக்கத் திரும்பிப் பாத்துது. பக்கத்துக் கட்டில் ஐயா அப்பாவின்ரை கையை விட்டிட்டுத் தன்ரை கட்டிலிலை போய் இருந்தார்.

அப்பா அழேல்லை. என்னை ஏசேல்லை. சுவரிலை மணிக்கூடு இருந்துது, அதைப் பாத்தார். பிறகு படுத்தார். "நாளைக்கு எத்தினை மணிக்குக் கொண்டுபோவினம்?" எண்டு கேட்டார். ஏழு மணிக்கு எண்டன். "சரி, வெட்டட்டும்" எண்டார்.

ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சுது. டொக்டரே வந்து, உங்கடை அப்பாவுக்கு நல்ல உடம்பு எண்டார். பன்னிரண்டாம் நாள் வீட்டை கூட்டிக்கொண்டு வந்தன். உள்ளை போய் மெயினைப் போட்டன். றவுட்டர் எழும்பிச்சுது, கமரா தன்ரை விலாசத்தை மறக்காமல் தானா வந்து நிண்டுது. போனைத் திறந்தா கேற் பளிச்செண்டு தெரியுது. ஒரு இலக்கமும் திருத்த வேண்டியிருக்கேல்லை. அதைக் கண்டு நான் குசினிக்குள்ளை போய் அழுதன்.

அப்பா அதுக்குப் பிறகு போனைக் கேக்கேல்லை. கேற்றையும் பாக்கேல்லை. கதிரையை விறாந்தையிலையிருந்து உள்ளறைக்கு மாத்தச் சொன்னார். குடுத்ததைச் சாப்பிட்டார், மருந்தை நேரத்துக்குக் குடிச்சார், நட எண்டா முத்தத்திலை நடந்தார். என்னோடை கோவமோ எண்டு ரண்டு மூண்டு தரம் கேட்டன். இல்லைப் பிள்ளை எண்டார். முந்தி இல்லாத மாதிரி என்னைச் சாப்பிட்டியோ எண்டெல்லாம் கேக்கத் துவங்கினார். நான் சந்தோசப்படத்தான் வேணும். எனக்கு அவர் கேக்கக் கேக்கப் பயமா இருந்துது.

சித்திரை பிறக்க ஒரு பத்து நாள் இருக்கேக்கை, "ஓட்டோ ஒண்டு பிடி. குருக்களிட்டை ஒரு அலுவல்" எண்டார். எந்தக் குருக்கள் எண்டன். செத்தவைக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யிறவர் எண்டார்.

ஓட்டோவிலை ஏறினம். உண்மையைச் சொன்னா, மனசுக்குள்ளை ஒரு ஆறுதல் வந்துது. பதினெட்டு வருசத்துக்குப் பிறகு அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யப்போறார், இனியாவது இந்த வீட்டிலை மூச்சு விடலாம், நான் சொன்னது நல்லதுக்குத்தான் எண்டு நினைச்சன்.

குருக்கள் வயது போன மனிசன். எங்களை இருத்தித் தண்ணி தந்தார். அப்பா மகனுக்கு எண்டு மட்டும் சொன்னார். குருக்களுக்கு எங்கடை கதை தெரியும்.

"காணாமல் போன பிள்ளையளுக்குத் தர்ப்பையிலை உருவம் செய்து, எரிச்சு, அதுக்குப் பிறகு கீரிமலைத் தீர்த்தக்கரையிலை அந்தியேட்டி செய்யலாம். கன பேர் இப்ப செய்யினம்" எண்டார் குருக்கள். "திதி வேணும். போன நாள் தெரியாட்டி, கடைசியாக் கண்ட நாளை எடுக்கிறது. உங்கடை பிள்ளை எந்த நாள்?"

அந்த நாள் எனக்கு நித்திரையிலையும் தெரியும். ரண்டாயிரத்து எட்டு, தை பதினேழு எண்டு சொல்ல வாயைத் திறந்தன். அப்பா முந்தியிட்டார்.

"போன மாதம் பதினொராந் திகதி, புதன்கிழமை. மத்தியானம் பன்னிரண்டு ஐம்பது."

குருக்கள் தனக்குக் காது சரியாக் கேக்கேல்லை எண்டு நினைச்சிருக்கவேணும். "இந்த வருசமோ?" எண்டார்.

"ஓம் ஐயா, இந்த வருசம். அது வரைக்கும் உயிரோடை இருந்தவன். முப்பத்தோராம் நாள் எப்ப வருது எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

குருக்கள் அப்பாவைப் பாத்தார், பிறகு என்னைப் பாத்தார். "பிள்ளை, சரியோ?" எண்டு கேட்டார்.

இல்லை ஐயா, எனக்கு ஒண்டும் தெரியாது, நான் ஆத்திரத்திலை வாய்க்கு வந்ததைச் சொன்னனான், அவன் எங்கையாவது இருப்பான் எண்டு சொல்லவேணும் போல கிடந்துது. அவன் இருக்கவேணும் எண்டு அந்த நேரம் நான் பட்ட ஆசை, பதினெட்டு வருசத்திலை ஒரு நாளும் படேல்லை. அப்பா என்னைத் திரும்பிப் பாக்கேல்லை. முழங்காலிலை கையை வைச்சுக்கொண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தார்.

ஓம் எண்டன். குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டி, மாசி அபரபக்க அட்டமி எண்டு ஒரு துண்டிலை எழுதினார்.